கறுப்பு புரோப் எங்க இருக்கு? – வீட்டுல செஞ்ச சிந்தசைசரும் ஒரு 12 வோல்ட் சண்டையும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த ‘அது வந்து’, ‘ஆக்சுவலா’ எல்லாம் முடிந்தவரை குறைக்கப்பட்டிருக்கின்றன.)

முதல்ல ஒரு சத்தம் கேளுங்க.

(ஒலி: ஒரே ஸ்வரம் நீளமா ஒலிக்குது. வினாடிக்கு ஒரு தடவை சட்டுனு கீழே விழுந்து திரும்ப மேலே வருது.)

கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இந்த ஸ்வரம் ‘ச’வுல அசையாம நிக்கணும். ஆனா ஒவ்வொரு தடவையும் கைசிகி நிஷாதத்துக்கும் கொஞ்சம் கீழ போயிட்டு வருது. இது கமகம் இல்லைங்க, பிழை. அதுவும் எங்க பெட்டியில இருக்கிற ஒரு சின்ன சிவப்பு எல்இடி எரியும்போது மட்டும் வர்ற பிழை. எல்இடி எரிஞ்சா ஸ்வரம் இறங்கும். அணைஞ்சா ஏறும்.

ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில நாங்க வாசிக்கிறதா ஒத்துக்கிட்ட நிகழ்ச்சிக்கு அப்போ பத்து நாள்தான் பாக்கி. இந்தப் பிழையால ஒரு நல்ல சர்க்யூட் போர்டு கிழிஞ்சது. ஒரு நல்ல நட்பும் கொஞ்சம் கிழிஞ்சது. ரெண்டுக்கும் காரணம் நான்தான். அதனால இன்னிக்கு எபிசோட் பாதி எலக்ட்ரானிக்ஸ், பாதி மன்னிப்பு.

அது என்ன பெட்டி?

கீபோர்டு வாங்கி வாசிக்கிறது ஒரு வழி. சத்தத்தை உருவாக்குற பகுதிகளைத் தனித்தனியா செஞ்சு, வயரால இணைச்சு, நாமளே ஒரு கருவியைக் கட்டுறது இன்னொரு வழி. இதுக்குப் பேர் மாடுலர் சிந்தசைசர். ஒரு பலகை ஸ்வரத்தை உண்டாக்கும், அதுதான் ஆசிலேட்டர். இன்னொண்ணு சத்தத்தோட கூர்மையைக் குறைக்கும், அது ஃபில்டர். இன்னொண்ணு தாளம் போடும், அது கிளாக்.

1964-ல அமெரிக்காவுல பாப் மோக் தன்னோட முதல் மாதிரியைச் செஞ்சப்போ ஒரு அழகான ஒழுங்கு கொண்டுவந்தார். வோல்டேஜ் 1 வோல்ட் ஏறினா, ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறணும். நம்ம நாட்டுக்கும் இது புதுசு இல்ல. 1969-லயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல டேவிட் டியூடர்ங்கிற அமெரிக்க இசைக்கலைஞர் ஒரு மோக் சிந்தசைசரை வெச்சு எலக்ட்ரானிக் இசை ஸ்டுடியோ அமைச்சுக் கொடுத்திருக்கார்.

அந்த 1 வோல்ட் கணக்கைக் கொஞ்சம் யோசிங்க. ஒரு ஸ்தாயியில 12 ஸ்வரஸ்தானம். அப்போ ஒரு ஸ்வரஸ்தானத்துக்கு 83 மில்லிவோல்ட்தான். அதாவது ஒரு வோல்ட்டுல பன்னிரண்டுல ஒரு பங்கு. பவர் சப்ளையில 5 மில்லிவோல்ட் ஆட்டம் வந்து அது பிட்ச் கணக்குக்குள்ள புகுந்துட்டா, நல்ல காதுக்குத் தெரிஞ்சிடும். செல்போன் சார்ஜர்ல இவ்வளவு ஆட்டம் இருந்தா யாருக்கும் தெரியாது. சிந்தசைசர்ல பாட்டாவே கேட்கும்.

இன்னொரு விஷயம், சத்தம்ங்கிறது அலை. பூஜ்யத்துக்கு மேலயும் போகும், கீழயும் போகும். அதனால இந்தக் கருவிகளுக்குப் பெரும்பாலும் ரெண்டு சப்ளை வேணும். ஒண்ணு பிளஸ் 12, ஒண்ணு மைனஸ் 12, நடுவுல பூஜ்யம். ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990-கள்ல கொண்டுவந்த யூரோராக் முறையும் இதே பிளஸ் 12, மைனஸ் 12-தான். நாங்க பின்பற்றினதும் அதையே.

“என் பக்கம் 12 வருதே!”

வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். பவர் சப்ளை என் பொறுப்பு. ஆசிலேட்டர், என்கூட இன்ஜினியரிங் படிச்ச தோழியோட பொறுப்பு. அவங்க அப்பா டிவி மெக்கானிக்கா இருந்தவர். சோல்டரிங் அயர்னை என்னைவிடப் பத்து வருஷம் முன்னாடியே பிடிச்சவள்.

ரெண்டையும் இணைச்சோம். சத்தம் வந்துச்சு, குதிச்சோம். கிளாக் பலகையைச் சேர்த்தோம், அதுல இருந்த எல்இடி மின்ன ஆரம்பிச்சுது, ஸ்வரம் விழ ஆரம்பிச்சுது.

நான் மல்டிமீட்டரை எடுத்தேன். பவர் சப்ளையில பிளஸ் 12.0, மைனஸ் 11.9. சூப்பர். அங்கிருந்து மின்சாரம் போய்ச் சேர்ற பஸ் போர்டுல, அதாவது எல்லாப் பலகையும் செருகி நிக்கிற பட்டையில, அளந்தேன். அங்கயும் 12.0, மைனஸ் 11.9. ஆக, என் பக்கம் சரி.

“உன் போர்டுலதான் ஏதோ தப்பு”ன்னு சொன்னேன்.

அவ ஆசிலேட்டரைக் கழட்டி ஒவ்வொரு ரெசிஸ்டரா பார்த்தா. ஒண்ணும் கிடைக்கல. “ஐசி போயிருக்கும்”னு நான் சொன்னேன். மாத்தினா. அதே பிரச்சனை. “ரெண்டாவது ஐசியும் மாத்திப் பாரேன்”னேன். திரும்பத் திரும்ப சூடு பட்டதுல ஒரு இடத்துல போர்டுல இருந்த காப்பர் தடமே உரிஞ்சு வந்துடுச்சு. ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து செஞ்ச போர்டு அது.

“டேய், உன் சப்ளையை ஒரு தடவை சரியா பாருடா”ன்னா.

“பார்த்துட்டேன், என் பக்கம் 12 வருது.”

ஆபீஸ்ல இதே வசனத்தை வேற மாதிரி சொல்லுவோம். ‘என் மெஷின்ல ஓடுதே.’ அதைச் சொல்றவன் மேல எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும்னு என் டீம்ல கேளுங்க. அன்னிக்கு அதையே நான் சொன்னேன். அவ போர்டைப் பையில போட்டுக்கிட்டு, பேசாம கிளம்பிட்டா.

வோல்டேஜுக்கு முகவரி ஒண்ணு இல்ல, ரெண்டு

இங்க கொஞ்சம் நிறுத்தி அடிப்படையைச் சொல்லிடறேன். தெரிஞ்சவங்களும் கேளுங்க. நான் படிச்சு, பரீட்சை எழுதி, மறந்துபோன விஷயம்தான் இது.

‘இந்த இடத்துல 12 வோல்ட்’னு ஒரு விஷயமே கிடையாது. உங்க வீட்டு மாடித் தொட்டி எவ்வளவு உயரத்துல இருக்கு? ரோட்டுல இருந்து அளந்தா 12 மீட்டர். முதல் மாடியில இருந்து அளந்தா 9. தொட்டி நகரல, நீங்க அளக்க ஆரம்பிச்ச இடம்தான் மாறியிருக்கு. வோல்டேஜும் இப்படித்தான். எப்பவும் ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம். அதனாலதான் மீட்டர்ல ரெண்டு புரோப் இருக்கு.

நாம எல்லாரும் சிவப்பு புரோபை மட்டும்தான் பார்க்கிறோம். கறுப்பைக் ‘கிரவுண்ட்’ல மாட்டிட்டு மறந்துடறோம். கிரவுண்ட்னா பூஜ்யம், அது எங்கேயும் பூஜ்யம்தான்னு ஒரு நம்பிக்கை. சர்க்யூட் வரைபடத்துல அது உண்மை. நிஜ வயர்ல உண்மை இல்ல. வயருக்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கு, சோல்டர் மூட்டுக்கு இருக்கு. அது வழியா கரண்ட் ஓடினா, அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவுல வோல்டேஜ் உண்டாகும். ஓம் விதி கிரவுண்டுக்குன்னு சலுகை எதுவும் தர்றதில்ல.

நான் செஞ்சிருக்க வேண்டிய வரிசை

அவ போனதுக்கு அப்புறம், மறுநாள் காலையில, பிழையைத் தேடற வேலையை ஒழுங்கா ஆரம்பிச்சேன். சாஃப்ட்வேர்ல பழைய வெர்ஷனுக்கும் புது வெர்ஷனுக்கும் நடுவுல பாதி பாதியா வெட்டிப் பிழையைத் தேடுவோம் இல்லையா? அதே மாதிரி, சுவர்ல இருந்து பலகை வரைக்கும் ஒவ்வொரு கட்டமா போகணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. சுவர்ல இருந்து வர்ற 230 வோல்ட் ஆளைக் கொல்லும். டிரான்ஸ்ஃபார்மரோட அந்தப் பக்கம் ஃபியூஸ் இருக்கணும், உலோகப் பெட்டின்னா எர்த் போயிருக்கணும், தொடுற மாதிரி எந்த முனையும் வெளிய தெரியக்கூடாது. இதுல அனுபவம் இல்லைன்னா அந்தப் பகுதியை நீங்களே செய்யாதீங்க. மூடின பெட்டியில ஏசி 12 அல்லது 15 வோல்ட் தர்ற ரெடிமேட் அடாப்டர் கிடைக்கும். இல்லைன்னா முழு சப்ளையையே வாங்கிடுங்க. அப்புறம், ஸ்விட்ச் அணைச்ச உடனே கை வைக்காதீங்க. பெரிய கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

தோழியோட அப்பா முன்னாடி எனக்குக் கொடுத்திருந்த ஒரு பொருள் இங்க கைகொடுத்துச்சு. சீரீஸ் போர்டு. டிவி ரிப்பேர் கடையில பார்த்திருப்பீங்க. ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட், ரெண்டும் சீரீஸ்ல. 60 வாட் குண்டு பல்பு போட்டு, அதுல உங்க சப்ளையைச் செருகணும். பல்பு ஒரு நொடி மின்னிட்டு மங்கிட்டா நல்லது. முழு வெளிச்சத்துல எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள எங்கயோ ஷார்ட். பல்பு எரியும், உங்க டிரான்ஸ்ஃபார்மர் பிழைச்சுக்கும். இதுக்கு இழை வெச்ச பழைய பல்புதான் வேணும், எல்இடி பல்பு உதவாது. ஷார்ட் இல்லைன்னு தெரிஞ்சதும் சப்ளையை நேரா பிளக்ல மாட்டித்தான் அளக்கணும். பல்பு நடுவுல இருந்தா அளவு குறைச்சலா காட்டும்.

எல்லாப் பலகையையும் கழட்டிட்டு சப்ளையை மட்டும் பார்ப்போம்.

முதல் கட்டம், டிரான்ஸ்ஃபார்மர். என்னோடது 15-0-15. மீட்டரை ஏசி ரேஞ்சுல வெச்சு, நடு வயருக்கும் ஒவ்வொரு ஓர வயருக்கும் அளக்கணும். சுமை இல்லாம அளந்தா 15-ஐவிடக் கூடுதலாத்தான் காட்டும், பயப்படாதீங்க. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா இருக்காங்கிறதுதான் முக்கியம்.

ரெண்டாவது கட்டம், டயோடு பிரிட்ஜும் பெரிய கெப்பாசிட்டரும். இப்ப டிசி ரேஞ்ச். 15-ஐ 1.414-ஆல பெருக்குங்க, 21.2. டயோடுக்கு 0.7 போனா 20.5. அதுக்குக் கொஞ்சம் மேல கீழ ஒரு பிளஸ், ஒரு மைனஸ் வரணும்.

இங்க என் பழைய தப்பு ஒண்ணைச் சொல்லணும். முதல்ல நான் வாங்கினது 12-0-12. ‘எனக்கு வேண்டியது 12 தானே’ன்னு. அதுக்கும் இதே கணக்கைப் போட்டா 16.3 வருது. 7812 ரெகுலேட்டர் 12 வோல்ட் கொடுக்கணும்னா, உள்ள சுமார் 14 வேணும். அப்போ போதுமேன்னு தோணும். பகல்ல போதும். மே மாச ராத்திரி, தெருவுல எல்லா ஏசியும் ஓடும்போது, எங்க வீட்டுல மெயின்ஸ் 195-க்கு இறங்கும். அப்போ உச்சமே 13.7 தான். அது உச்சம் மட்டும்தான். ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவுல கெப்பாசிட்டர் கொஞ்சம் வடியும். 0.4 ஆம்பியர் எடுத்தா, 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்ல அந்தப் பள்ளம் 1.8 வோல்ட் வரைக்கும் போகும். ரெகுலேட்டர் மூச்சு திணறும், ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் வரும். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ் அலையோட ரெண்டு பாதியையும் எடுக்கும், அதனால அந்த ஹம் 100 ஹெர்ட்ஸ். பகல்ல சுத்தமா இருக்கிற சிந்த் ராத்திரி ஏசி நேரத்துல முனகினா, முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

டிசி ரேஞ்சுல மீட்டர் சராசரியைத்தான் காட்டும், பள்ளத்தைக் காட்டாது. ரெகுலேட்டருக்கு அப்புறம் அதே இடத்துல மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாத்துங்க. சில மில்லிவோல்ட் காட்டினா சரி, அதுக்கு மேல போனா சிக்கல். ஆனா சில மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சுல டிசியையும் சேர்த்து உளறும். ஒரு 9 வோல்ட் பேட்டரியில ஏசி ரேஞ்சுல வெச்சுப் பாருங்க, புரோபை மாத்தி வெச்சும் பாருங்க. ரெண்டு தடவையும் பூஜ்யம் வந்தா அந்த மீட்டரை நம்பலாம்.

மூணாவது கட்டம், ரெகுலேட்டர். பிளஸ்ஸுக்கு 7812, மைனஸ்ஸுக்கு 7912. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள வேற. எழுத்து நம்மைப் பார்த்து, கால் கீழ இருக்கிற மாதிரி பிடிச்சா, 7812-ல இடமிருந்து உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. 7912-ல கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. முதல் ரெண்டு கால் இடம் மாறியிருக்கும். அதோட, முதுகுல இருக்கிற உலோகத் தகடு 7812-ல கிரவுண்டோட சேர்ந்தது, 7912-ல உள்ளீட்டோட சேர்ந்தது. ரெண்டையும் ஒரே ஹீட் சிங்க்ல நேரடியா திருகினா, மைனஸ் 20 வோல்ட்டைக் கிரவுண்டோட ஷார்ட் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். மைக்கா ஷீட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் அதுக்குத்தான், அலங்காரத்துக்கு இல்ல.

சூட்டையும் பாருங்க. உள்ள 20.5, வெளிய 12. மிச்சம் 8.5 வோல்ட்டை 0.4 ஆம்பியரால பெருக்கினா 3.4 வாட். அவ்வளவும் சூடா போகும். ஹீட் சிங்க் இல்லைன்னா ரெகுலேட்டர் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்கும். ‘அஞ்சு நிமிஷம் வேலை செய்யுது, நின்னுடுது, ஆறினா திரும்ப வருது’ங்கிற வகை பிழைக்கு முக்காவாசி இதுதான் காரணம்.

நாலாவது கட்டம், சுமையோட அளக்கிறது. சுமை இல்லாம 12 காட்டுறது பெரிய சாதனை இல்ல. பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 47 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், மைனஸ்ஸுக்கும் அதே மாதிரி ஒண்ணு. ஒவ்வொண்ணும் சுமார் கால் ஆம்பியர் இழுக்கும். நல்லா சுடும், தொடாதீங்க. அப்பவும் 12 நின்னா சப்ளை பாஸ்.

என் சப்ளை எல்லாக் கட்டத்துலயும் பாஸாச்சு. அதுதான் இந்தக் கதையில கொடுமை. நான் சொன்னது பொய் இல்ல. என் பக்கம் நிஜமாவே 12 வந்துச்சு.

24 சரியா இருக்கு, 12 தப்பா இருக்கு

அன்னிக்கு சாயங்காலம் அவளுக்கு ஃபோன் பண்ணினேன். மன்னிப்பு கேட்க இல்ல. வெட்கமா இருந்தாலும் சொல்லிடறேன், ‘பார்த்தியா, எல்லா டெஸ்டும் பாஸ்’னு சொல்லத்தான் பண்ணினேன். அவ எல்லாத்தையும் பொறுமையா கேட்டா.

“சரி. பஸ் போர்டுல அளந்தேன்னியே, அங்கயும் 12 தானே?”

“ஆமா.”

“அப்போ கறுப்பு புரோப் எங்க இருந்துச்சு?”

எனக்கு ஒரு நொடி பதில் வரல. கறுப்பு புரோபுக்கு முதலைக் கிளிப் போட்டு, பவர் சப்ளையோட கிரவுண்ட் முனையில மாட்டி வெச்சிருந்தேன். வசதியா இருக்கும்னு. சிவப்பை மட்டும் எடுத்துக்கிட்டு ஊர் சுத்தினேன். ரெண்டு வாரமும் அது அங்கேயேதான் இருந்துச்சு.

“ரெண்டையும் பஸ் போர்டுல வெச்சு அளடா. எல்லாப் பலகையும் செருகி, எல்லாம் ஓடும்போது.”

ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அளந்தேன். பஸ் போர்டு கிரவுண்டுல கறுப்பு. பிளஸ்ல சிவப்பு: 10.4. மைனஸ்ல சிவப்பு: மைனஸ் 13.5.

பார்த்ததும் ரெகுலேட்டர் ரெண்டும் ஒரே நேரத்துல போச்சோன்னு தோணும். ஆனா கூட்டிப் பாருங்க, 23.9. பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவுல நேரா அளந்தா அதே 23.9. சப்ளை கொடுக்கிற மொத்த வோல்டேஜ் அப்படியே முழுசா வந்து சேருது. நடுவுல இருக்க வேண்டிய பூஜ்யம்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கு.

கடைசி அளவு. கறுப்பு பவர் சப்ளை கிரவுண்டுல, சிவப்பு பஸ் போர்டு கிரவுண்டுல. ஒரே வயரோட ரெண்டு முனை. பூஜ்யம் வரணும். 1.6 வோல்ட் வந்துச்சு.

கிரவுண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1.6 வோல்ட். நான் ஒண்ணும் பேசல. அவளும் பேசல. அப்புறம் “யார் சோல்டர் பண்ணின வயர் அது?”ன்னு மட்டும் கேட்டா.

நான் பண்ணினதுதான்.

பீப் சொன்ன பொய்

அந்த வயரை நான் முன்னாடியே ‘செக்’ பண்ணியிருந்தேன். மீட்டர்ல கன்டினியூட்டி வெச்சா பீப்னு கத்துச்சு. ஆனா பல மீட்டர்கள்ல அந்த பீப், ரெசிஸ்டன்ஸ் முப்பது, ஐம்பது ஓமுக்குக் கீழ இருந்தாலே வந்துடும். என் மூட்டுல இருந்தது சுமார் 20 ஓம். ‘இணைப்பு இருக்கு’ன்னுதான் பீப் சொல்லும், ‘இணைப்பு நல்லா இருக்கு’ன்னு சொல்லாது. சர்வர் பிங் ஆகுதுங்கிறதுக்காக சர்வர் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

மூட்டு ஏன் கெட்டுச்சு? மெக்கானிக்குகள் இதை ‘டிரை சோல்டர்’னு சொல்வாங்க. கிரவுண்ட்ங்கிறது போர்டுல பெரிய காப்பர் பரப்பு. அது சூட்டை உறிஞ்சிடும். நான் வெச்சிருந்தது 25 வாட் அயர்ன். மத்த இடத்துல எல்லாம் அது போதும். கிரவுண்டுல ஈயம் மேல உருகுச்சு, அடியில காப்பரோட ஒட்டவே இல்ல. வெளிய பார்த்தா பளபளன்னு ஒரு உருண்டை. எந்த மூட்டு ரொம்ப முக்கியமோ, அதே மூட்டுதான் சரியா ஒட்டாம போறதுக்கு ரொம்ப வாய்ப்புள்ள மூட்டும்.

இப்ப கணக்கு எல்லாம் பொருந்துது பாருங்க. எங்க பலகைகள் பிளஸ்ல இருந்து கிரவுண்டுக்கு இழுத்த கூடுதல் கரண்ட் சுமார் 80 மில்லிஆம்பியர். 20 ஓமால பெருக்கினா 1.6 வோல்ட். பஸ் போர்டோட பூஜ்யம் அவ்வளவு தூரம் பிளஸ் பக்கமா மேல ஏறிடுச்சு. அந்த எல்இடி எரியும்போது இன்னும் 10 மில்லிஆம்பியர், அதாவது இன்னொரு 0.2 வோல்ட். ஆசிலேட்டரோட டியூனிங் குமிழ் பிளஸ் 12-க்கும் மைனஸ் 12-க்கும் நடுவுல தொங்குது. அதுல இருந்து வர்ற வோல்டேஜும் 1 வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயிங்கிற கணக்குலதான் பிட்சை நகர்த்தும். பூஜ்யம் 0.2 மேல போனா, அதோட கண்ணுக்குக் குமிழ் 0.2 கீழ இறங்கின மாதிரி. 0.2-ஐ 12-ஆல பெருக்குங்க. 2.4 ஸ்வரஸ்தானம். ‘ச’வுல இருந்து ரெண்டு இறங்கினா கைசிகி நிஷாதம். அதுக்கும் கொஞ்சம் கீழ. ஆரம்பத்துல நீங்க கேட்டது அதுதான்.

பலகையில இருக்கிற டிஎல்072 மாதிரி ஐசிகள் பிளஸ் மைனஸ் 18 வரைக்கும் தாங்கும். அதனாலதான் ஒண்ணும் எரியல, சத்தமும் வந்துக்கிட்டே இருந்துச்சு. எரிஞ்சிருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்போம்.

சரிபண்ண பத்து நிமிஷம்தான் ஆச்சு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, சுத்தம் பண்ணி, ஃபிளக்ஸ் தடவி, அவங்க அப்பாவோட 60 வாட் அயர்ன்ல புதுசா பத்தவெச்சது அவதான். அதோட, பக்கத்துலயே இன்னொரு தடி கிரவுண்ட் வயரும் சேர்த்தா. கிரவுண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 2 மில்லிவோல்ட். ஸ்வரம் ‘ச’வுல நின்னுச்சு. எல்இடி பாட்டுக்கு மின்னிக்கிட்டு இருந்துச்சு.

எவ்வளவு சரியா இருந்தா போதும்?

உங்க மீட்டர் 11.8 காட்டுதுன்னு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. 7812 ரெகுலேட்டருக்கே பொதுவா 11.5-ல இருந்து 12.5 வரைக்கும் சரின்னுதான் தயாரிப்பாளர்கள் சொல்றாங்க. பிளஸ் 12.1, மைனஸ் 11.8-ன்னு கொஞ்சம் சமமில்லாம இருந்தாலும் பெரும்பாலான பலகைக்குக் கவலை இல்ல. 11.8-ல அசையாம நின்னா, ஒரு தடவை டியூன் பண்ணிட்டு வாசிக்கலாம். 12.00-க்கும் 11.95-க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருந்தா எதையும் வாசிக்க முடியாது. எண் எவ்வளவுங்கிறதைவிட, எண் ஆடுதாங்கிறதைப் பாருங்க. மீட்டர்ல பேட்டரி குறைஞ்ச அடையாளம் வந்தா முதல்ல அதை மாத்துங்க. பேட்டரி செத்துக்கிட்டு இருக்கிற மலிவு மீட்டர் இல்லாத வோல்டேஜை எல்லாம் காட்டும்.

கடைசியா, நோட்டுல எழுதிக்க அஞ்சு வரி:

1. பலகை எதையும் செருகாம, சுவர்ல இருந்து ஒவ்வொரு கட்டமா அளங்க.
2. சுமையோட மறுபடி அளங்க.
3. பலகை செருகி நிக்கிற இடத்துலயே, ரெண்டு புரோபையும் அங்கேயே வெச்சு அளங்க.
4. பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவுல நேரா அளங்க. அது 24 இருந்து, தனித்தனியா 12 வரலைன்னா, கிரவுண்டைப் பிடிங்க.
5. கிரவுண்டுல இருந்து கிரவுண்டுக்கு அளங்க. பீப்பை நம்பாதீங்க, மில்லிவோல்ட்டை நம்புங்க.

மொட்டை மாடி நிகழ்ச்சி நல்லபடியா நடந்துச்சு. நாற்பது பேர் இருந்திருப்பாங்க. நாலாவது பாட்டுல மழை வந்துச்சு, அது வேற கதை.

மன்னிப்பு அன்னிக்கு ராத்திரியே கேட்டுட்டேன். “சரி விடுடா”ன்னுட்டா. ஆனா அந்த ஆசிலேட்டர் போர்டைத் திருப்பிப் பார்த்தா, உரிஞ்சுபோன தடத்துக்குப் பதிலா ஒரு பச்சை ஜம்பர் வயர் ஓடும். நல்லா இருந்த போர்டுல, நான் சொன்னதுக்காக அவ போட்ட ஒட்டு. புதுசா ஒரு போர்டு செஞ்சுடலாம்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். “இருக்கட்டும், நீ அப்பப்ப பார்க்கணும்”ங்கிறா.

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டுட்டுதான் பண்றேன். அடுத்த எபிசோட்ல அவளே வர்றா. ஆசிலேட்டர் எப்படி ஸ்வரத்தைப் பிடிச்சு வெக்குதுன்னு சொல்லப் போறா. உங்க பெட்டியில இதுமாதிரி பேய் ஏதாவது இருந்தா, சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புங்க. அனுப்பும்போது அளவுகளையும் எழுதுங்க. ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்துலயும், கறுப்பு புரோப் எங்க இருந்துச்சுன்னு மறக்காம எழுதுங்க.

சந்திப்போம்!